ஆறு கீயிலும் பசை

வில்லியனூரில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு பெண், மடியில் எலெக்ட்ரிக் கிட்டார் பை. பக்கத்தில் அவள் அண்ணன். சாயங்காலம் திருவாண்டார்கோயிலில் அவளுக்குக் கச்சேரி என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"இனிமே ஆயுசுக்கும் ட்யூன் எறங்காது பாப்பா. போர் பைப்பு ஒழுகுனா அடைப்போமே, அந்தப் பசைய கம்பி முறுக்கற ஆறு கீயிலயும் அப்பி வுட்டுட்டேன்."

"இன்னாது?"

பையைத் திறந்து ஒரு கீயைத் திருகினாள். அசையவில்லை. அடுத்ததும் அசையவில்லை.

"அடப்பாவி! கம்பி ஒக்கார்ற பள்ளத்துல பென்சில் கரிய தேச்சு வையின்னுதானே சொன்னேன்? அங்க சிக்கிக்கிட்டுதான் ட்யூன் எறங்குதுன்னு படிச்சிப் படிச்சி சொன்னேனே!"

"கரி எம்மா நாளைக்கு நிக்கும்? போன வருசம் கரும்புக்கு ஒட்டுன பைப்பு, இன்னும் ஒரு சொட்டு ஒழுகல."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மெதுவாகக் கேட்டாள்.

"சரி, ட்யூன் பண்ணிட்டுத்தானே பசை வச்ச?"

அண்ணன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான்.

"ட்யூன் பண்றது நீதானே பாப்பா?"