மஞ்சள் கட்டத்தில் இரண்டாவது அடுப்பு

எங்கள் தெருக்களின் தலையெழுத்தை வரைபடமாக மடியில் விரித்து வைத்திருக்கும் திட்டக் குழுத் தலைவர் அவர்களே. முப்பது ஆண்டுப் பழைய நிலப் பயன்பாட்டுத் திட்டத்தைத் தூசி தட்டித் திருத்த முன்வந்திருக்கும் உறுப்பினர்களே. எனக்கு முன் பேசி, நான் சொல்ல நினைத்ததையெல்லாம் முன்கூட்டியே மறுத்துவிட்டு அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே. பிள்ளைகளை மடியில் உறங்கவைத்துக்கொண்டு காத்திருக்கும் தாய்மார்களே. வேலை முடிந்த கையோடு சீருடையிலேயே வந்திருக்கும் பெரியோர்களே. மூன்றாம் வரிசையில் காலாட்டிக்கொண்டிருக்கும் என் மகளே. உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நான் மேடைக்குப் பழகியவள் அல்ல. காகிதத்தைப் பார்த்துப் படிப்பதைத் தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தக் குப்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுபவள் நான். உள்ளே இருப்பது எதுவோ, அதுதான் வெளியே எழுதப்பட வேண்டும். அந்த ஓர் ஒழுங்கைத்தான் நான் படித்தேன். அந்த ஒழுங்கைத்தான் என் வீட்டில் நானே மீறினேன்.

சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத்தைப் பாருங்கள். எத்தனை மஞ்சள்! மஞ்சள் என்றால் ஒரு மனை, ஒரு வீடு, ஒரு குடும்பம். வீட்டை எப்படி எண்ணுகிறார்கள்? ஆளை எண்ணுவதில்லை, அடுப்பை எண்ணுகிறார்கள். இரண்டாவது அடுப்பு இருந்தால் இரண்டாவது வீடு. இரண்டாவது வீடு இருந்தால் விதிமீறல்.

அதனால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம். மாடியிலும் பின்கட்டிலும் குடியிருக்கும் எல்லோரிடமும் ஒரு பலகை இருக்கும். ஆய்வாளரின் வண்டி தெருமுனையில் திரும்பியதும், அடுப்பின் மேல் பலகை, பலகையின் மேல் போர்வை, போர்வையின் மேல் இஸ்திரிப் பெட்டி. அடுப்பு மேசையாகிவிடும், குடித்தனம் விருந்தாளியாகிவிடும். இந்த ஊரில் எங்களைப்போல் துணி தேய்ப்பவர்கள் இல்லை என்றே ஆய்வாளர் நம்பியிருப்பார். சிரிக்கிறீர்கள். சிரிக்கிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் அந்தப் பலகை எங்கே சாத்தியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் ஏன் அப்படியொரு மாடியில் குடியிருக்கிறோம்? என் கணவர் பேருந்து ஓட்டுநர். விடிவதற்கு முன் டிப்போவிலிருந்து கிளம்பும் முதல் வண்டி அவருடையது. ஊரின் எல்லையில் வாடகை குறைவு, அங்கே போங்கள் என்கிறார்கள். போகலாம். ஆனால் முதல் பேருந்தை ஓட்டுகிறவர் எந்தப் பேருந்தைப் பிடித்து வேலைக்கு வருவார்? இந்த நகரத்துக்கு முதல் பேருந்து வேண்டும். அதன் ஓட்டுநர் மட்டும் வேண்டாமா?

கீழே இருப்பவர் வீட்டுக்கார அக்கா, தையல் ஆசிரியை. அவருடைய பிள்ளைகள் வெளியூர் போனபின் ஆறு அறையும் அவரும்தான். ஒருமுறை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதிலிருந்து அவரால் மாடிப்படி ஏற முடியாது. “மேல நீங்க நடக்குற சத்தம் கேட்டாதான்டி எனக்குத் தூக்கமே வருது” என்பார். அந்தச் சத்தத்துக்குத்தான் வரைபடத்தில் நிறமில்லை.

போன மாதம் ஆய்வாளர் வந்தார். அப்போதுதான் பால் காய்ச்சி இறக்கியிருந்தேன். பதற்றத்தில் சூடான அடுப்பின் மேலேயே பலகையைப் போட்டுவிட்டேன். அவர் கையிலிருந்த கோப்புக் கட்டை அதன்மேல் வைத்து, கையையும் ஊன்றி, சட்டென்று எடுத்துக்கொண்டார். போர்வை பொசுங்கும் வாடை. “துணி தேய்ச்சீங்களாம்மா?” என்றார். ஆமாம் சார் என்றேன். இஸ்திரிப் பெட்டியின் வயர் சுற்றியது சுற்றியபடி இருந்தது.

அப்போது என் ஐந்து வயது மகள், நான் சொல்லிக்கொடுத்ததைப் பிசகாமல் ஒப்பித்தாள்: “மாமா, நாங்க விருந்தாளிங்க. நாளைக்குப் போயிடுவோம்.”

அவர் கோப்புக் கட்டைப் பிரித்தார். விருந்தாளிகள் என்று எழுதிக்கொண்டு போனார். அவர்மேல் குறையில்லை, நான் ஒட்டிய சீட்டை அவர் படித்தார், அவ்வளவுதான். அன்று தப்பித்தோம் என்று மூச்சுவிட்டேன்.

மறுவாரம் பள்ளியில் கூப்பிட்டார்கள். வீட்டை வரையச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் கதவும் சன்னலும் வரைந்திருக்கிறார்கள். இவள் ஒரு பயணப் பெட்டியை வரைந்திருக்கிறாள். பூட்டிய பெட்டி. அப்போதுதான் எனக்கு உறைத்தது: சில நாளாகவே பொம்மைகளை அவள் அலமாரியில் வைப்பதில்லை, பைக்குள்ளேயே அடுக்கி வைக்கிறாள். அன்று என்னிடம் கேட்டாள்: “நாம எப்பம்மா நம்ம வீட்டுக்குப் போவோம்?”

தாய்மார்களே, பிறந்ததிலிருந்து அவள் வாழ்கிற அறையில் நின்று கேட்ட கேள்வி இது. நீங்கள் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

தெருவின் அமைதி போய்விடும், கழிவுநீர்க் குழாய் தாங்காது என்றார் தலைமையாசிரியர் ஐயா. அந்தக் கவலை நியாயமானது. குழாயைப் பெரிதாக்கக் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஐயா, நாங்கள் இனிமேல் வரப்போகிறவர்கள் அல்ல. வந்து ஆறு ஆண்டாகிறது. குழாய்க்கு எங்களைத் தெரியும், குப்பை வண்டிக்குத் தெரியும், உங்கள் வாசலில் நின்று தினமும் வணக்கம் சொல்லும் என் மகளை உங்களுக்கும் தெரியும். காகிதத்துக்கு மட்டும்தான் தெரியாது. மறைந்து வாழ்கிறவர்களை எண்ணாமல் போட்ட குழாய், எப்படி ஐயா தாங்கும்?

பின்வரிசையில் யாரோ பார்க்கிங் என்கிறீர்கள். எங்களிடம் கார் இல்லை அண்ணா. ஒரு பேருந்து இருக்கிறது; அதையும் அவர் டிப்போவில்தான் நிறுத்துவார்.

புதிய திட்டம் மாளிகை கேட்கவில்லை. மாடியில் ஒரு குடித்தனம், பின்கட்டில் ஒரு குடித்தனம், ஒரு மனையில் இரண்டு மூன்று அடுப்பு. இருக்கிறதை இருக்கிறது என்று எழுதக் கேட்கிறது. எங்களுக்கும் அது போதும்.

ஆய்வாளர் இந்த அவையில் இருக்கிறார். சார், அது இஸ்திரி மேசை அல்ல. அது அடுப்பு. இன்று காலை பலகையை எடுத்து வாசலில் போட்டுவிட்டேன். வீட்டுக்கார அக்காவிடமும் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். போய்ச் சொல்லு, வருவது வரட்டும் என்றார். குழு கை உயர்த்தாவிட்டால், வீட்டைக் காலி செய்ய எங்களுக்கு முப்பது நாள்தான் என்று தெரியும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மகளுக்கு இன்னொரு பொய் சொல்லிக்கொடுக்க என்னால் முடியாது.

தலைவர் அவர்களே, வாக்கெடுப்பு முடிந்து வெளியே போகும்போது வாசலில் என் சின்னப் பெண்ணைப் பார்ப்பீர்கள். நீ எங்கே குடியிருக்கிறாய் என்று ஒருமுறை கேளுங்கள். இன்று நான் எதுவும் சொல்லிக்கொடுத்து அழைத்து வரவில்லை. அவள் பதிலை நீங்கள்தான் எழுதப்போகிறீர்கள்.

மேடைக்குப் பழகாத குரலுக்குச் செவிகொடுத்த அவைக்கு நன்றி. முதல் பேருந்துக்கு ஆள் எழ வேண்டும். நாங்கள் வீட்டுக்குப் போகிறோம். வணக்கம்.