முதலில் ஊசி, பிறகு ரத்தம்

டாக்டர் கையெழுத்து என்றாலே எல்லோரும் சிரிப்பார்கள். என்னுடையதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட எழுத்துக்கூட்டிப் படித்துவிடும். குழந்தைகள் வார்டில் நான் எழுதிய கேஸ் ஷீட் எல்லாம் உங்கள் விசாரணை மேஜையில்தான் இருக்கிறது. நேரத்தைக்கூட நிமிடம் பிசகாமல் போட்டிருக்கிறேன். பார்த்துக்கொண்டே கேளுங்கள்.

ஆரம்பத்தில் நானும் புத்தகப்படிதான் நடந்தேன். காய்ச்சலோடு வரும் குழந்தைக்கு முதலில் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டு, லேசான ஆன்டிபயாடிக் ஒன்றைத் தொடங்குவேன். என்ன கிருமி என்று ரிப்போர்ட் வந்தபின் மாற்றுவேன். அப்படிக் காத்திருந்த இரண்டாம் நாள் ஒரு பெண்குழந்தை போய்விட்டது. அவள் அப்பா சத்தம் போடவில்லை. "பெரிய மருந்து கையிலேயே இருந்துச்சே டாக்டர், யாருக்காக எடுத்து வெச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பிறகு யார் வந்தாலும், சாதாரணச் சளிக்காய்ச்சலே ஆனாலும், இருப்பதிலேயே பெரிய மருந்துதான். பெற்றோர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். லேப்காரர்தான் விடவில்லை. இது தேவையில்லை, மாற்றுங்கள் என்று ரிப்போர்ட்டுக்கு ரிப்போர்ட் குடைச்சல் கொடுத்தார். அவரோடு மல்லுக்கு நிற்க எனக்கு நேரமில்லை. வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் ஊசி, ஒரு மணி நேரம் கழித்து ரத்தம், அதுவும் பேருக்கு நாலு சொட்டு. மருந்து ஏறிய ரத்தம், அதுவும் அவ்வளவு குறைவாக எடுத்தால், லேபில் பெரும்பாலும் எந்தக் கிருமியும் வளராது. யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

போன மாதம் என் மகள் காய்ச்சலில் கொதித்த தன் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஒரு வாரம் முன்பு என் வார்டிலிருந்துதான் பேத்தி வீட்டுக்குப் போயிருந்தாள். அதே காய்ச்சலில் இன்னும் மூன்று குழந்தைகள் வார்டில் என் மருந்துக்குக் குணமாகாமல் கிடந்தார்கள். மூத்த சிஸ்டர் வழக்கம்போல ஊசியோடு வந்தார். முதலில் ரத்தம் எடுக்கச் சொன்னேன், போதுமான அளவுக்கு.

"மத்த பிள்ளைங்களுக்கு இப்படி எடுக்கலையே சார்," என்றார்.

சொன்னதைச் செய்யுங்கம்மா என்றேன்.

இரண்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. என் வார்டிலேயே ஊறிப்போன கிருமி, என் பெரிய மருந்துக்கு மசியாது. யாரும் சீண்டாத ஒரு பழைய மருந்துக்கு அடங்கும் என்று போட்டிருந்தது. அந்த நிமிடமே பேத்திக்கு மாற்றினேன். பிழைத்துக்கொண்டாள்.

மற்ற மூவருக்கும் மாற்றியிருக்கலாம்தான். மாற்றினால் காரணம் எழுத வேண்டும். எழுதினால் பேத்தியின் ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டும். அவளுக்கு மட்டும் ஏன் முதலில் ரத்தம் என்று கேட்பீர்கள், இப்போது கேட்கிற மாதிரி. எந்தப் பக்கமும் நகர வழியில்லை. ஆறு நாள் அந்த மூன்று கட்டில்களுக்கு நடுவே போய்வந்துகொண்டிருந்தேன். பெரிய மருந்தையேதான் எழுதினேன். பாருங்கள், எழுத்து கோணவில்லை.

மூவரும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். அவர்களுடைய ரிப்போர்ட்டையும் கொஞ்சம் புரட்டுங்கள். எந்தக் கிருமியும் வளரவில்லை என்றுதானே இருக்கிறது? மருந்தை மாற்ற என் கையில் என்ன ஆதாரம் இருந்தது, நீங்களே சொல்லுங்கள்.