நிலுவைக் கோப்பு

எனக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது, வக்கீலம்மா. ஆனாலும் நாற்பது நாள் நோன்பு தொடங்குவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை பூஞ்ச்கி தின்னாதவனை டொலீடோவில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். எங்கள் அப்பா வழியில் எல்லோரும் போலந்துக்காரர்கள். எண்ணெயில் பொரித்து உள்ளே ஜாம் வைத்த அந்த உருண்டையை அன்றைக்கு ஒன்றாவது தின்றாக வேண்டும். போன வருஷம் அந்தச் செவ்வாயன்று ஒரு டஜன் வாங்கி என் மேஜைக்குக் கொண்டுவந்தவன் டேரியன் ப்ரூசார்ட். எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஏழு வருஷம் தடுப்பாட்டம் ஆடியவன். எதிரணிக்காரன் பந்தோடு ஓடி வந்தால் மோதிச் சாய்ப்பது அவன் வேலை.

"என்னய்யா புரொபசர், இதுக்குப் பேரு பலகாரமா? எங்க லூசியானாவுல இதை நாய்க்குப் போட்டா நாயே கோவிச்சுக்கிட்டுப் போயிடும்" என்றான். சொல்லிக்கொண்டே மூன்றாவதைத் தின்றான்.

புரொபசர் என்பது நான்தான். லெனர்ட் ஸ்விடாக், அணியின் சம்பளக் கணக்காளன். பதினெட்டு வருஷமாக அதே நாற்காலி. வாழ்க்கையில் ஒரு தடவைகூட மைதானத்தில் இறங்கி ஆடியதில்லை. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு கணக்கு பார்க்கிற எல்லோருக்கும் ஆட்டக்காரர்கள் வைக்கிற பெயர் அது. டேரியன் சொல்லும்போது மட்டும் அதில் கொஞ்சம் பிரியம் இருக்கும். அவன் வீடு வாங்கியபோது வங்கிக் காகிதங்களைப் படித்துச் சொன்னவன் நான். அவன் மனைவி ரெனிட்டா வருஷா வருஷம் வருமானவரிக் காகிதங்களை ஒரு செருப்புப் பெட்டியில் போட்டு என்னிடம்தான் கொடுப்பாள்.

என் வேலையை வெளியில் இருப்பவர்களுக்கு விளக்குவது கஷ்டமில்லை. லீக் ஒவ்வொரு வருஷமும் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு வைக்கிறது. முதலாளி எவ்வளவு பெரிய கோடீஸ்வரரானாலும் மொத்த ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்து அதற்கு மேல் ஒரு டாலர் கணக்கில் ஏறக்கூடாது. சின்னப் போர்வை மாதிரி அது. தலைக்கு இழுத்தால் கால் குளிரும். எந்தப் பக்கம் குளிர வேண்டும் என்று முடிவு செய்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அந்த பிப்ரவரியில் எங்கள் பொது மேலாளர் ஹோல்ப்ரூக் என் அறைக்கு வந்து, உட்காராமலே பேசினார். பந்து பிடிப்பதில் கெட்டிக்காரனான ஓர் இளைஞனை மார்ச் மாதம் வேறோர் அணியிலிருந்து இழுக்க வேண்டும் என்றார்.

"தொண்ணூறு லட்சம் வேணும், லென். எங்கேருந்து வரும்னு நீயே பாத்துக்கோ. எப்படி வந்துச்சுன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதே."

எங்கிருந்து வரும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். வரப்போகிற வருஷத்துக்கு டேரியனின் சம்பளம் சரியாகத் தொண்ணூறு லட்சம் டாலர். மார்ச் மத்தியில் லீக்கின் புது ஆண்டு பிறப்பதற்குள் அவனை அணியிலிருந்து விடுவித்துவிட்டால் அந்த இடம் காலியாகும். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. விடுவிப்பதற்கு முன் அவன் மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். ஆட்டத்தில் பட்ட காயத்தோடு இருந்தால், அவன் ஆடினாலும் ஆடாவிட்டாலும் அந்தப் பணத்தைக் கொடுத்தாக வேண்டும், அது வரம்பிலும் ஏறும். அந்த வரியை அவனுடைய ஏஜென்ட் கேட்டபோது, நியாயமான வரிதான் என்று முதலாளியிடம் வாதாடி ஒப்பந்தத்தில் சேர்த்தவனே நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் கேட்ட அந்த உறைக்கு வருகிறேன்.

டிசம்பரில் ஓர் ஆட்டத்தில் டேரியன் தலை குனிந்து மோதி விழுந்தான். வலது கை முழுக்கத் தீப்பிடித்த மாதிரி எரிந்து, அப்புறம் கொஞ்ச நேரம் மரத்துப் போனது. அடுத்த வாரமே ஆடினான். ஆனாலும் எங்கள் மருத்துவர் ஃபெல்ட்காம்ப் ஜனவரியில் அவனைக் கழுத்துக்கு ஸ்கேன் எடுக்க அனுப்பினார். முடிவு வருவதற்குள் அவருக்கே இடுப்பில் அறுவை சிகிச்சை ஆகி, இரண்டு மாதம் வீட்டோடு இருந்துவிட்டார். ஸ்கேன் மையம் பில்லையும் அறிக்கையையும் ஒரே உறையில் போட்டு அலுவலகத்துக்கு அனுப்பியது. மருத்துவருக்கான நகலும் அதற்குள்ளேயே இருந்தது. காயச் செலவுகளுக்கு நான்தான் கையெழுத்துப் போடுவேன் என்பதால் உறை என் மேஜைக்கு வந்தது. அது பிப்ரவரி இருபதாம் தேதி.

பில்லில் ஒரு குறியீட்டு எண் தப்பாக இருந்தது. இது நான் கட்டிச் சொல்லும் கதையல்ல, நீங்களே பார்த்திருப்பீர்கள். எண் தப்பாக இருக்கும் பில்லை அது சரியாகும் வரை நிலுவைக் கோப்பில் வைப்பது எங்கள் வழக்கம். அதனால் உறையோடு எடுத்து நிலுவைக் கோப்பில் வைத்தேன். நான் எதையும் கிழிக்கவில்லை. எரிக்கவில்லை. ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

அறிக்கையைப் படிக்கவில்லை என்று போன வாரம் உங்களிடம் சொன்னேன். இரண்டு தடவை படித்தேன். கழுத்தெலும்புக்குள் தண்டுவடம் போகிற வழி மிகவும் குறுகியிருக்கிறது என்றும், இவர் இனி உடல் மோதும் எந்த விளையாட்டிலும் இறங்கக்கூடாது என்றும் எழுதியிருந்தது. அதற்குக் கீழே கோடு போட்டிருந்தார்கள். நான் டாக்டர் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பாஷை புரிய யாரும் டாக்டராக வேண்டியதில்லை.

பூஞ்ச்கி கொண்டுவந்த செவ்வாய்தான் பரிசோதனை நாள். பெட்டியை மூடும்போது டேரியன் பேச்சோடு பேச்சாகக் கேட்டான்.

"ஆமா, அந்தக் கழுத்துப் படம் என்னாச்சு? உனக்கு ஏதாவது தெரியுமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவனே, "மோசமா இருந்தா டாக்டர் கூப்பிட்டிருப்பாரே. கூப்பிடலைன்னா நல்ல சேதிதான்" என்றான்.

நான் பெட்டியைத் திறந்து இன்னொன்றை எடுத்துக் கடித்தேன். வாய் நிறைய இருந்தது.

பரிசோதித்தவர் மாற்று மருத்துவர், சின்ன வயது. மத்தியானம் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "இவர் சம்பந்தமா உங்ககிட்ட ஏதாவது நிலுவை இருக்கா சார்?" என்று கேட்டார். ஒரு பில் மட்டும் நிலுவை என்றேன். கையில் மரப்பு உண்டா என்று அவர் கேட்டதற்கு டேரியன் இல்லவே இல்லை என்று சாதித்திருக்கிறான். எந்த ஆட்டக்காரன்தான் உண்டு என்பான்? உண்டு என்றால் பிழைப்பு போய்விடும் என்று பயப்படுவார்கள். உண்டு என்றால் தொண்ணூறு லட்சம் கிடைக்கும் என்று அவனுக்கு எடுத்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். தேறினார் என்று கையெழுத்தானது. எட்டாம் நாள் அவனை விடுவித்தோம்.

அன்றைக்குப் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு போகும்போது என் அறைக்கு வந்தான். "உன்மேல கோபமில்ல, புரொபசர். கணக்குன்னா கணக்குதான். உன் இடத்துல நான் இருந்தாலும் இதையேதான் பண்ணியிருப்பேன்" என்று கட்டிப்பிடித்தான். அவன் பண்ணியிருக்க மாட்டான். இது எனக்கு அப்போதே தெரியும்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த இளைஞன் எங்களுக்கு வரவில்லை. கடற்கரையும் வெயிலும் உள்ள ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டான். நான் தோண்டி எடுத்த தொண்ணூறு லட்சத்துக்கு வேறு ஆளும் அகப்படவில்லை. லீக் விதிப்படி செலவாகாத இடத்தை அடுத்த வருஷத்துக்கு எடுத்துப் போகலாம். எடுத்துப்போனோம். அதில் இன்றுவரை ஒரு டாலர்கூடச் செலவாகவில்லை. உடைக்காத உண்டியல் மாதிரி இருக்கிறது. தூக்கம் வராதபோது என்னை அறுப்பது இந்தத் தொகைதான்.

ஆகஸ்டில் தெற்கே ஓர் அணி டேரியனைக் குறைந்த சம்பளத்துக்கு எடுத்தது. அவர்களும் பரிசோதித்தார்கள். எங்கள் அணியில் தேறியவன் என்பதால் புதிதாகப் படம் எடுக்கவில்லை. அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் தங்கை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரண மோதல். எதிரணிக்காரன் எழுந்துவிட்டான். டேரியன் எழவில்லை. இரண்டு அணியும் முழங்கால் போட்டு உட்கார்ந்ததும் தங்கை சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். நான் எழுந்து போய் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். எல்லாப் பாத்திரத்தையும் கழுவி முடித்த பிறகும் குழாயை மூடவில்லை.

அவனைப் போய்ப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. முகம் மட்டும் பழைய டேரியன்.

"வாய்யா புரொபசர். நல்ல நேரத்துக்கு வந்தே. மூக்கு அரிக்குது, கொஞ்சம் சொறிஞ்சு விடு."

சொறிந்துவிட்டேன். "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்... அய்யோ, சொர்க்கம்" என்றான். அப்புறம், இன்சூரன்ஸ் காகிதம் ஒன்றும் புரியவில்லை, ரெனிட்டா அழுகிறாள், நீ படித்துச் சொன்னால் போதும் என்றான். அந்தக் காகிதங்களை வீட்டுக்கு எடுத்துப்போய் வரி வரியாகப் படித்து, அவர்களுக்குக் கிடைக்க வேண்டியதில் ஒரு டாலர்கூட விடாமல் நிரப்பிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக எதையும் செய்ததில்லை.

இதுவரை சொன்னதை ஸ்கேன் மையத்தின் பதிவேட்டையும் என் கையெழுத்தையும் வைத்து நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். இனிச் சொல்வது எந்தக் காகிதத்திலும் இல்லை.

டேரியன் அந்தப் புது அணியோடு கையெழுத்திடுவதற்கு முந்தின நாள் ரெனிட்டா என்னைக் கூப்பிட்டாள். தாழ்ந்த குரலில் பேசினாள். அவன் பக்கத்து அறையில் இருந்திருக்க வேண்டும்.

"லென், நான் கேட்டேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. ரெண்டு தடவை காபிக் கப்பைக் கீழே போட்டுட்டார். கேட்டா கை வழுக்கிச்சுங்கிறார். அவரோட மருத்துவக் கோப்பை நீங்க பார்த்திருப்பீங்க. அதுல கழுத்தைப் பத்தி ஏதாவது இருக்கா? இருந்தா சொல்லிடுங்க. இனிமே ஆட வேண்டாம்னு நான் அவர் கால்ல விழுந்தாவது நிறுத்திடறேன்."

அது ஆகஸ்ட், வக்கீலம்மா. அந்த இளைஞன் எங்களுக்கு இல்லை என்று ஆகி ஐந்து மாதம். மார்ச்சில் செய்ததை அணிக்காகச் செய்தேன், மற்ற ஆட்டக்காரர்களின் பிழைப்புக்காகச் செய்தேன் என்று இன்னமும் வாதாட முடியும். அன்றைக்குக் காப்பாற்றுவதற்கு என் நாற்காலியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும், அவன் இன்று நடந்துகொண்டிருப்பான். ரெனிட்டா மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. டேரியனின் மருத்துவக் கோப்பில் கழுத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை என்றேன். அவள் அழுதுகொண்டே நன்றி சொன்னாள்.

உண்மையிலேயே அந்தக் கோப்பில் ஒன்றும் கிடையாது; அறிக்கை இருந்தது நிலுவைக் கோப்பில். அவளிடம் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதை மட்டும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.