உட்கார்ந்திருக்கிறார்

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை சார். எங்கள் அலுவலகத்தில் இதைவிட மோசமாக இருக்கும். அதையும் எல்லாரும் ஆகா ஓகோ என்றுதான் குடிப்பார்கள், அந்தத் தேநீர் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான் என்பதால்.

வயதானவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு கருவியை உருவாக்கினேன். அவர்கள் விழுந்தால் பிள்ளைகளின் கைபேசியில் மணி அடிக்கும். யோசனை முழுக்க என்னுடையது. நான் புத்திசாலி என்று நானாகச் சொல்லவில்லை, ஊரே சொல்கிறது. பள்ளியில் நான் ஒருவனுடைய மண்டையை உடைத்தபோதே அக்கா ஹெட்மாஸ்டரிடம் போய், "மூளைக்காரப் பிள்ளை சார், கொஞ்சம் முன்கோபம் இருக்கத்தான் செய்யும்" என்றாள். அவரும் தலையாட்டினார். மண்டை உடைந்தவன்தான் வேறு பள்ளிக்குப் போனான்.

அந்த நாற்காலி விஷயத்தை வீணாகப் பெரிதுபடுத்துகிறார்கள். கூட்டத்தில் கெட்ட செய்தி கொண்டுவருகிறவர் சுவரோர நாற்காலி மேல் ஏறி நிற்க வேண்டும், நான் சிரித்ததும் இறங்கலாம். அவ்வளவுதான். நான் சட்டென்று சிரித்துவிடுகிற ஆள் சார்.

கருவியைச் சோதிக்கும் பெண்ணுக்கு அணில் என்று பெயர் வைத்திருந்தேன். எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பாள். அறிமுக விழாவுக்கு முந்தின வாரம் வந்து நின்றாள்.

"தடால்னு விழுந்தா மணி அடிக்குது சார். சுவத்தப் பிடிச்சுக்கிட்டு மெல்லச் சரிஞ்சா அடிக்க மாட்டேங்குது. உட்கார்ந்திருக்கிறார்னு காட்டுது. வயசானவங்க அப்படித்தானே சார் விழுவாங்க?"

"ஏறும்மா" என்றேன்.

ஏறினாள். அன்று பார்த்து எனக்குச் சிரிப்பே வரவில்லை. சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. அவள் முகம் வெளுத்தது, சுவரில் சாய்ந்தாள், அப்படியே தரைவரை வழுக்கிக்கொண்டு வந்து கிடந்தாள். அவள் கழுத்திலும் கருவி இருந்தது. கருவி சொல்வதைக் காட்டும் பெரிய திரையை எல்லாரும் பார்த்தோம். 'உட்கார்ந்திருக்கிறார்' என்று காட்டியது. அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. விதிப்படி அவள் இனி இறங்கலாம், ஆனால் ஏற்கெனவே இறங்கிவிட்டாளே.

விழாவைத் தள்ளிவைக்கலாமா என்று அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. நாற்காலி அங்கேயேதான் இருந்தது.

அப்பாவை அக்காதான் பார்த்துக்கொண்டிருந்தாள். விழாவுக்கு வர அவளுக்குக் கொள்ளை ஆசை. "தம்பி, அப்பாவத் தனியா விட்டுட்டு எப்படிடா வர்றது? கால் வேற தள்ளாடுது" என்று போனில் கேட்டாள். துணைக்கு ஆள் வைத்துவிட்டு வா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்புறம் உன் கருவி எதற்கு என்று கேட்பாள். "கழுத்துல நம்ம கருவி இருக்குல்லக்கா, என்ன பயம்? கிளம்பி வா" என்றேன். என்னை நம்பித்தான் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

மேடையில் வெளுத்துவாங்கினேன். நடுவில் அப்பாவின் கருவி என்ன சொல்கிறது என்று திரையில் காட்டச் சொன்னேன். 'உட்கார்ந்திருக்கிறார்.' "பாருங்க, எங்கப்பா ஜம்முனு உட்கார்ந்து நான் பேசுறதக் கேட்டுட்டு இருக்கார்" என்றேன். அரங்கமே கைதட்டியது. அக்கா எழுந்து நின்று தட்டினாள்.

அப்பா எந்த அறையில் இருக்கிறார் என்பது என் கையிலிருந்த சிறு திரையில் மட்டும் தெரியும். குளியலறை. அங்கே உட்கார ஒரு முக்காலிகூடக் கிடையாது சார்.

அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பக்கத்து வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டிருப்பாள். கைதட்டல் ஓயட்டும் என்று இருந்தேன். அப்புறம் கேள்விகள். அப்புறம் எல்லாரும் என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவு நேரமும் அப்பாவுக்கு உயிர் இருந்தது என்று டாக்டர் சொல்கிறார். இருந்திருக்கும். ஆக, தெரிந்தே அப்பாவைச் சாகவிட்டவன் நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

புகார் கொடுத்தது அக்காவா? ஏதோ கோபத்தில் கொடுத்திருப்பாள், பாசக்காரி. அந்தக் கோளாறை ஒரே நாளில் சரிசெய்துவிட்டேன், இப்போது எவ்வளவு மெல்லச் சரிந்தாலும் மணி அடிக்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள் சார். கேட்டதும் அவளே உங்களிடம் வந்து சொல்லுவாள், மூளைக்காரப் பிள்ளை என்று.