வலப்பக்கத்து சீட்

ஜனவரி மாதக் கடைசி. சாயங்காலம் நாலே முக்கால். அதற்குள் இருட்டிவிட்டது. மூடுபனி வேறு. நூல் பிடித்துப் போட்ட மாதிரி நேரான ரோடு... ரெண்டு பக்கமும் வாய்க்கால், ஆள் விழுந்தால் தலை தெரியாத ஆழம். வீடு கிடையாது. மரம் கிடையாது. ஆலையில் சர்க்கரை எடுக்கப் பீட் கிழங்கு வேகிற வாடை மட்டும். இனிப்பும் சேறும் கலந்த வாடை. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஜனவரி முடிகிற வரைக்கும் நம்ம சட்டை எல்லாம் அதுதானே அடிக்கிறது.

அந்த ரோட்டில் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று மாடு போகிற வேகத்தில் போகிறது. ஓட்டுகிறவன் நான். எனக்குப் பின்னால் ஒரு கார்...

மதுக்கடைக் கதவைச் சாத்து, டெரிக். கரண்ட் வேறு இல்லை. மெழுகுவர்த்தி ஆடுகிறது பார்.

"பேய்க் கதை கேட்டேன் பெருசு. லாரிக் கதை கேக்கல."

"வாய மூடிட்டுக் கேளு. ஒரு கிளாஸ் பீர் வாங்கிக் குடுத்துட்டா நீ எனக்கு வழி காட்டணுமா?"

நான் பேயை நம்புகிறவன் இல்லை. பாதிரியாரையும் நம்புகிறதில்லை. ரேடியோவில் நாளைக்கு வெயில் என்கிறவனை நம்புகிறதில்லை. பட்டாளத்து உடுப்புப் போட்டவன் எவனையும் நம்புகிறதில்லை. என் ரெண்டு கண்ணைத்தான் நம்பினேன். அன்றைக்குப் பிறகு அதையும் அரைகுறையாகத்தான்.

நம்ம வில்ஃப் தெரியுமில்லையா, போன வருஷம் போய்ச் சேர்ந்தானே. அவன் தங்கச்சி டோரத்தி, ரெண்டாம் உலகச் சண்டை முடிந்த கையோடு ஒரு அமெரிக்க சிப்பாயைக் கட்டிக்கொண்டு ஒஹாயோவுக்குக் கப்பலேறினாள். அவள் மகள் டார்லா. அம்மாவைப் பார்த்தாவது புத்தி வர வேண்டாமா, அவளும் ஒரு பட்டாளத்துக்காரனையே கட்டினாள். ரஸ் என்று பெயர். விமானத்துக்கு மெக்கானிக். அவனை இங்கிலாந்துக்கு, நம்ம பக்கத்து அமெரிக்க விமானதளத்துக்கு மாற்றினார்கள். புருஷன், பெண்டாட்டி, ஏழு வயசுப் பெண் கெல்சி... மூன்று பேரும் ஒரு கோடைக்கு வந்து இறங்கினார்கள். தளத்துக்குள் வீடு காலி இல்லை. நம்ம ஊரிலேயே வாடகைக்கு எடுத்தார்கள்.

வந்த புதுசில் ஒரே கூத்துதான். அவர்கள் கொண்டுவந்த சாமான் எதுவும் நம்ம கரண்டுக்குச் சேராது. ரொட்டி சுடுகிற மிஷினுக்கும் கரண்டைக் குறைக்க ஒரு இரும்புப் பெட்டி, தலை காய வைக்கிறதுக்கும் ஒரு இரும்புப் பெட்டி, வீடெல்லாம் 'ம்ம்ம்' என்று உறுமல். கணப்பில் நிலக்கரி போடத் தெரியாமல் வீடு பூராவும் புகை. டார்லா குளிருக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு சமைத்தாள். ரஸ் எல்லாவற்றுக்கும் பல்லு பூராவும் காட்டிச் சிரிப்பான். அப்படிச் சிரிக்கிறவனை நான் லேசில் நம்ப மாட்டேன். ஆனால் நல்லவன்தான். வில்ஃப் வீட்டுக் கூரை ஒழுகியபோது ஏறி அடைத்துக் கொடுத்தது அவன்தான், நாங்கள் யாரும் இல்லை.

எல்லாம் பழகிவிட்டது. அந்தக் கார் மட்டும் பழகவில்லை.

அமெரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கார். கட்டில் மாதிரி அகலம். ஸ்டீயரிங் இடது பக்கம்.

"வித்துத் தொலைங்க மாப்ளே," என்றான் வில்ஃப். "இந்த ரோட்டுக்கு இது ஆகாது."

"உங்க ஊர் காருல ஏறுனா என் முழங்கால் காதுல இடிக்குது மாமா. இது எங்கப்பா குடுத்த வண்டி. விக்க மாட்டேன்."

என்ன ஆகாது என்று கேட்கிறாயா டெரிக்? நீ டிராக்டர் ஓட்டுகிறவன், யோசித்துப் பார். நாம் போகிறது ரோட்டின் இடது பக்கம். ஸ்டீயரிங்கும் இடது பக்கம் இருந்தால், முன்னால் லாரி போகும்போது ஓட்டுகிறவனுக்குத் தெரிகிறது வாய்க்கால் மட்டும்தான். எதிரே என்ன வருகிறது என்று வலது பக்கத்து சீட்டில் இருக்கிறவன்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். போ, போகாதே என்று. அவன் சொன்னால் முந்தலாம். ஓட்டுகிறவனின் உயிர் பக்கத்து சீட்டுக்காரன் வாயில்.

அமெரிக்கக் குடும்பங்கள் எல்லாம் அப்படித்தான் ஓட்டின. புருஷன் ஓட்டினால் பெண்டாட்டி பார்ப்பாள். இந்த வீட்டில் டார்லா ஓட்டினாள், அவள் பழகட்டும் என்று ரஸ் வலது பக்கம் உட்கார்ந்தான். ஜன்னலில் கன்னத்தை ஒட்டி, கண்ணாடியில் மூச்சு படியப் பார்ப்பான். வாயால் சொல்ல மாட்டான். விரல் முட்டியால் முன்பலகையில், அதுதான் டாஷ்போர்டில், தட்டுவான். ஒரு தட்டு என்றால் பொறு. ரெண்டு தட்டு என்றால் போ. டொக்... டொக் டொக். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை என் லாரியைத் தாண்டும்போது மூன்று பேரும் கையாட்டிவிட்டுப் போனார்கள். நான் திருப்பி ஆட்டவில்லை. எனக்கென்ன.

இலை உதிரும்போது அவனைப் பாலைவனத்துப் பக்கம் அனுப்பினார்கள். அங்கே சண்டை வரும் போல இருந்த சமயம். போகிற அன்றைக்கு டார்லாவிடம் சொன்னானாம், "நான் வர்ற வரைக்கும் எதையும் முந்தாத கண்ணு. எவன் ஹாரன் அடிச்சாலும் சரி. லாரி பின்னாலேயே போ. நான் வந்து சொல்றேன்."

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள் நீல உடுப்புப் போட்ட ரெண்டு பேர், கூட ஒரு பாதிரியார், டார்லா வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஓடுபாதையில் ஏதோ வண்டி ரஸ் மேல் மோதிவிட்டதாம். சண்டை ஆரம்பிக்கக்கூட இல்லை. அவர்கள் சொன்னது அது. நான் நம்பவில்லை, நம்பாமல் என்ன ஆகப் போகிறது... ஆள் போனது போனதுதான்.

ஒஹாயோவில் அடக்கம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள், அடக்கம் முடித்து, சாமான் கட்ட இங்கே திரும்பி வந்தாள். பிப்ரவரிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். புருஷன் இல்லாத பெண்டாட்டிக்குப் பட்டாளத்தில் என்ன வேலை.

வந்தவள் சாமான் கட்டவில்லை. சாயங்காலமானால் தளத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து கெல்சியைக் காரில் ஏற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிடுவாள். ஏதாவது ஒரு கிழங்கு லாரி கிடைக்கும். அதன் பின்னாலேயே போவாள். முந்த மாட்டாள். லாரி ஆலைக்குள் திரும்பினால் வாசலில் காத்திருப்பாள், அடுத்த லாரி வெளியே வந்தால் அதன் பின்னால்.

ஆலை வாசலில் லாரியை வரிசையில் போட்டுவிட்டு நாங்கள் டீ குடிப்போம். அங்கே இதுதான் பேச்சு.

"இன்னைக்கு அமெரிக்காக்காரி யாரு பின்னாடி?"

"என் பின்னாடி. ஆத்துப் பாலத்துலருந்து வால் புடிச்ச மாதிரி வந்தா."

"உன் மூஞ்சிக்கு ஒருத்தி பின்னால வர்றான்னா அவ பைத்தியமாத்தான் இருக்கணும்."

சிரித்தோம். வரிசையில் நின்ற வில்ஃப் காதில் விழுந்தது. அவன் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் தனியாக இழுத்துக்கொண்டு போனான்.

"அவன் தட்டுறானாம்டா."

"எவன்?"

"ரஸ். லாரி பின்னால போனா முன்பலகையில தட்டுற சத்தம் கேக்குதாம். ஒரு தட்டு. பொறுன்னு. அதைக் கேக்கத்தான் சுத்துறா."

வில்ஃப் சொன்னான், அவனும் ஒரு நாள் கூடப் போனானாம். வலது பக்கத்துக் கதவைத் திறந்தால், டார்லா, "அங்க வேணாம் மாமா," என்றாளாம். அவன் இடமில்லாமல் காலி அட்டைப்பெட்டிகளோடு பின்னால் நெருக்கி உட்கார்ந்தான். லாரி ஒன்று கிடைத்தது. டார்லா காலியாக இருந்த சீட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஓட்டினாள். பிள்ளைக்குப் பல் விழுந்தது, பைப்பில் தண்ணீர் உறைந்துபோனது, ராத்திரி தூக்கம் வராதது... வீட்டில் புருஷனிடம் சொல்கிற மாதிரி எல்லாம் சொன்னாளாம். பேச்சு நின்ற இடத்தில்... டொக்.

"நீ கேட்டியா?"

"கேட்டேன். உடனே எதிர்ல ஒரு பஸ் போச்சு. சரியாத்தான் தட்டுது. ஒரு தடவகூடத் தப்பாத் தட்டலையாம்."

"அப்ப நல்லதுதானே."

"கிழங்கு இந்த வாரத்தோட முடியுது. அடுத்த வாரம் ரோட்டுல லாரி இருக்காது. அவ என்ன செய்வான்னு எனக்குப் பயமா இருக்கு. உன் பின்னால வந்தா, முந்திக்கோன்னு கை கிய் காட்டிராத. கூட அந்தப் பிள்ளை இருக்கு."

சரி என்றேன். கை காட்டுகிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இல்லை.

இப்போது அந்த ரோட்டுக்கு வாருங்கள். கடைசி லோடு. என்ஜின் சத்தமும், பின்னால் கிழங்கு உருண்டு பலகையில் மோதுகிற சத்தமும்... தொம், தொம். வலது பக்கத்துக் கண்ணாடியில் அந்தக் காரின் விளக்கு. ரொம்ப நேரமாக அதே தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

எதிரே பனிக்குள் மங்கலாக மஞ்சள் வெளிச்சம். பால் டேங்கர். நான் உயரத்தில் இருக்கிறேன், எனக்குத் தெரிகிறது. காரில் இருக்கிறவளுக்குத் தெரியாது.

அப்போது பின்னால் காரின் வலது சிக்னல் சிமிட்ட ஆரம்பித்தது.

இத்தனை நாளில் அவள் சிக்னல் போட்டதே இல்லை. கார் மெள்ள வெளியே வந்தது. முன் சக்கரம் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது. ஹாரனில் கையை வைத்தேன், எடுக்கவே இல்லை. டேங்கர்க்காரனும் அடித்தான். கண்ணாடியைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன், பார்த்தேன்.

டேங்கரின் வெளிச்சம் காருக்குள் பாய்ந்தது. வலப்பக்கத்து சீட்டில் ஒரு ஆள். ஜன்னலில் கன்னம் ஒட்டியிருந்தது. அமுங்கி, வெள்ளையாக. வேறு எதுவும் தெரியவில்லை.

டயர் கிறீச்சிட்டது. கார் என் பின்னால் மறைந்தது. டேங்கர் என்னைத் தாண்டி... காரையும் தாண்டி... போய்விட்டது. இடிச் சத்தம் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

லாரியை நிறுத்திவிட்டு நடந்து போனேன். கார் வாய்க்கால் ஓரப் புல்லில் நின்றது. ரப்பர் கருகிய வாடை. டார்லா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பின் சீட்டில் கெல்சி, மடியில் பள்ளிக்கூடப் பை. கண்ணாடியை இறக்கச் சொல்லித் தட்டினேன். இறக்கினாள். என்னை அவள் பார்த்த மாதிரியே இல்லை.

"ரெண்டு தட்டு கேட்டுச்சு," என்றாள். "தெளிவா. போன்னு. நான் போனேன். இவதான் கத்தி..."

"நான் கத்தல," என்றாள் கெல்சி. "வேணாம்னு அப்பா சொன்னாரு. அதைச் சொன்னேன்."

"அப்பாதான் போகச் சொன்னாரு செல்லம். அம்மாவுக்குக் கேட்டுச்சு."

"அது அப்பா இல்லம்மா. அப்பா பின்னால என் பக்கத்துல உக்காந்திருந்தாரு."

பனிக்குள் எங்கோ ஒரு வாத்து கத்தியது. டார்லா திரும்பவில்லை. ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "எப்பலருந்து?"

"நாம திரும்பி வந்ததுலருந்து."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ முன்னால பேசிட்டே இருந்தே. பெரியவங்க பேசுறப்ப குறுக்க பேசக் கூடாதுன்னு சொல்லிருக்க. அப்பாவும் காத்துட்டிருந்தாரு. நீதான் திரும்பவே இல்ல."

அப்போதுதான் டார்லா திரும்பினாள். பின் சீட்டைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்க்கவில்லை, பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்த இடத்தைப் பார்த்தாள். கையை நீட்டி அந்த மெத்தையைத் தொட்டாள். அப்படியே வைத்திருந்தாள்.

"இப்ப இருக்காரா?"

கெல்சி தலையை ஆட்டினாள். "இல்ல."

டார்லா அழுத அழுகையை நான் சொல்ல மாட்டேன். சொல்ல எனக்கு வாயும் இல்லை. கட்டிய புருஷன் தன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க, ஒரு மாதமாக அவள் வேறு எதற்கோ தன் குடும்பக் கதை எல்லாம் சொல்லியிருக்கிறாள். அது என்னவென்று எனக்குத் தெரியாது. அந்த வாய்க்காலில் எத்தனையோ பேர் முழுகிப் போயிருக்கிறார்கள். ஒன்று மட்டும் தெரியும். நம்ப வைக்கத்தான் அத்தனை நாள் சரியாகத் தட்டியிருக்கிறது. மாட்டுத் தரகன் அப்படித்தான் செய்வான்.

அடுத்த வாரமே தாயும் பிள்ளையும் ஒஹாயோவுக்குப் போய்விட்டார்கள். பிறகு வரவில்லை. வில்ஃப் இருந்த வரைக்கும் கிறிஸ்துமஸுக்கு அவனுக்கு வாழ்த்து அட்டை வரும். காரைக் கொண்டுபோகவில்லை, தளத்திலேயே நசுக்கிப் போடச் சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான் கதை.

"அந்தக் கன்னம்... யாரு பெருசு அது?"

தெரியாது என்றேனே டெரிக். ஆனால் வில்ஃபிடம்கூடச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அவர்களை என் லாரியில் ஏற்றி உட்காரவைத்துவிட்டு, காரைப் பூட்டப் போனேன். வலப்பக்கத்து சீட்டில் ஒருவரும் இல்லை. ஆனால் பெல்ட் மாட்டியிருந்தது. காலி சீட்டுக்குக் குறுக்கே, விறைப்பாக... தளர்ந்து தொங்கவில்லை. தொட்டேன், சொட்டச் சொட்ட ஈரம், வாய்க்கால் பாசி வாடை. எதற்கு எனக்கு அந்தப் புத்தி வந்ததோ, கையை விட்டுக் கொக்கியைக் கழற்றினேன்.

கதவை நான் இன்னும் திறக்கவே இல்லை, டார்லா இறக்கிவிட்ட ஜன்னல் வழியாக எட்டித்தான் கழற்றினேன்... கனமான ஆள் இறங்கினால் ஆகுமே, அந்த மாதிரி, கார் வலப்பக்கம் லேசாக உயர்ந்தது.