தச்சன் இறங்கிய படகு

ஹம்பேர்க்கில் யு-பான் ரயில் சுரங்கத்தை விட்டு மேலேறி, ஜன்னலில் துறைமுகம் தெரிந்ததும், எதிர் இருக்கையில் இருந்தவர் மனைவியிடம் சொன்னார்: “அந்தத் தச்சன் ஏன் இறங்கினவன் எண்டு யோசிச்சு எனக்கு ராத்திரி நித்திரையே வரேல்லை.”

“எந்தத் தச்சன்?”

“நானூறு வருஷத்துக்கு முந்தி, வடக்கால ஆசியாவுக்குப் பாதை தேடிப் போன இங்கிலீஸ் கப்ரன் ஒருத்தரைப் பற்றி வாசிச்சனான். கடல் உறைஞ்சு கப்பல் மாட்டுப்பட்டுப்போச்சு. குளிர்காலம் முழுக்கப் பசி. ஐஸ் உருகினதும் மாலுமியள் எதிர்த்தெழும்பி, அவரையும் மகனையும் நோயில கிடந்த வருத்தக்காரரையும் சின்னப் படகொண்டில இறக்கிவிட்டிட்டாங்கள்.”

“ஐயோ! தச்சனையுமோ?”

“இல்லை. ‘கப்பலைத் திருத்த நீ எங்களுக்கு வேணும், நில்’ எண்டு அவனை மறிச்சவங்கள். அவன் கேக்கேல்லை. தன்ர உளி, சுத்தியல் கிடந்த பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கிட்டான்.”

“கப்ரனில அவ்வளவு பாசமோ?”

“என்ன பாசம்! அந்தக் குளிருக்குள்ள கரையில வீடு கட்டமாட்டன் எண்டதுக்கு, ‘உன்னைத் தூக்கில போடுவன்’ எண்டு அவனை அடிச்சு வெருட்டினவரே அந்தக் கப்ரன்தான்.”

“பிறகு?”

“படகைப் பிறகு ஒருத்தரும் காணேல்லை.”

அடுத்த நிலையத்தில் கதவு திறந்து மூடியது. அந்த அம்மா வெளியே பார்க்கவில்லை.

“அந்த வருத்தக்காரரை நினைச்சுப் பாருங்கோ,” என்றார் மெதுவாக. “படகில கிடந்துகொண்டு அண்ணாந்து பாத்திருப்பினம். ஒருத்தன் தானாக இறங்கி வாறான்.”