பல்லில் கவ்விய டார்ச்

இப்போதெல்லாம் ஒரு டார்ச் லைட் வாங்குவதற்கு ஜனங்கள் படுகிற பாடு தாங்கவில்லை. எத்தனை வெளிச்சம், எத்தனை மணி நேரம், தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும் என்று முகம் தெரியாதவன் எவனோ எழுதி வைத்ததை எல்லாம் போனில் படிக்கிறார்கள். படித்துவிட்டுப் பெருமூச்சு விடுகிறார்கள். என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நான் இதில் கால்வாசிகூட விசாரிக்கவில்லை அய்யா. லிஃப்ட் மெக்கானிக் என்றார். நானும் லிஃப்ட் மெக்கானிக். ரெண்டு கையைத் திருப்பிப் பார்த்தேன், வேலை தெரிந்த கைதான். முடிந்தது பேச்சு.

அந்த மாப்பிள்ளைதான் இப்போது வாயில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். டார்ச் அவர் வாயில் இருக்கும்போதே வெடித்தது எப்படி என்று, கூட வேலை பார்த்தவன் என்கிற முறையில் என்னை எழுதித் தரச் சொன்னீர்கள். பேட்டரி விற்ற கடைக்காரர்மேல் நம் லிஃப்ட் கம்பெனி புகார் கொடுக்கப்போகிறது, அதற்கு என் எழுத்து வேண்டும் என்றீர்கள். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உறவு அறுந்துபோயிற்று. எழுத்து கோணலாக இருக்கும். விஷயம் நேராக இருக்கும்.

கடைக்காரர்மேல் தப்பில்லை. இதை எழுதும்போதே எனக்குக் கசக்கிறது, ஏனென்றால் நான் எந்தக் கடைக்காரரையும் இதுவரை நல்லவர் என்று சொன்னதில்லை.

எங்கள் வேலையில் வெளிச்சம் முக்கியம். லிஃப்ட் ஓடுகிற குழாய்க்குள் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. என்னிடம் மூணு கட்டை பேட்டரி போடுகிற டார்ச் ஒன்று இருக்கிறது. இரும்பு. அடித்தால் அழுதுகொண்டே எரியும், ஆனால் எரியும். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். என் இடது தோள் வலதைவிட ஒரு விரல் இறங்கியிருப்பது அதனால்தான். மாப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. ரெண்டு கையும் வேலைக்கு வேண்டும், டார்ச் பல்லில் கவ்வுகிற அளவு இருக்கவேண்டும், விலையும் கையைக் கடிக்கக்கூடாது என்றார். மூணு வாரம் தேடினார். கடைசியில் கடைக்குப் போனபோது என்னையும் கூப்பிட்டார். ஏமாறுவதைப் பார்க்க ஒரு சாட்சி வேண்டுமே என்று நானும் போனேன்.

கடைக்காரர் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர். மாப்பிள்ளை எடுத்த முதல் டார்ச்சை அவரே பிடுங்கி உள்ளே வைத்தார்.

"இது வேணாம். பளிச்சுனு அடிக்கும், அஞ்சு நிமிஷத்துல கை சுடும். அப்புறம் தானா மங்கிடும். விலைதான் ஜாஸ்தி."

விலை ஜாஸ்தியானதை வேண்டாம் என்கிற வியாபாரியை நான் நம்பமாட்டேன். வாங்கு என்கிறவனையும் நம்பமாட்டேன். இந்தாள் வேறு ஒன்றை எடுத்துச் சுவரில் அடித்துக் காட்டினார். விரல் நீளம், விரலைவிடக் கொஞ்சம் தடிமன். நடுவில் பொட்டு மாதிரி இல்லாமல் சுவர் முழுக்கப் பரவிய வெளிச்சம். எனக்கும் பிடித்தது. வெளியே காட்டவில்லை, அன்றே மகளிடம் இந்தக் குட்டிச் சாமான் உருப்படாது என்றுதான் சொன்னேன்.

உள்ளே ரெண்டு குட்டி பேட்டரி, சார்ஜ் போடுகிற ஜாதி. அதற்கு ஒரு சார்ஜர்.

"நிறைஞ்சதும் இது தானா நின்னுரும் பெரியவரே" என்றார் கடைக்காரர்.

"நிறைஞ்சதும் நிறுத்த மனுஷனுக்கே தெரியல, இதுக்குத் தெரியுமாக்கும்."

அவர் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "ரெண்டும் சோடி. ஒண்ணா சார்ஜ் போடுங்க, மாத்துனா ஒண்ணா மாத்துங்க. நல்லது ஒண்ணு, நொந்தது ஒண்ணுன்னு கலந்துடாதீங்க. நல்லது நொந்ததைப் போட்டு அமுக்கும். சூடேறி உள்ள வாயு கட்டிக்கும்" என்றார்.

"மாமியார் மருமக மாதிரியா?" என்றேன்.

"அது சண்டையோட போயிரும். இது வெடிக்கும்."

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்கு இதை எழுதுகிறேன் என்றால், எனக்குத் தெரியாது என்று பிற்பாடு யாராவது எனக்காகப் பேச வரக்கூடாது. எனக்குத் தெரியும். சிரித்தபடியே கேட்டேன்.

கடை வாசலில் மணல் போட்ட ஒரு தகரப் பெட்டி. பழசான பேட்டரிகள் அதில் கிடந்தன. மேலே ஒரு அட்டை. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். 'பழுதானவை, எடுக்க' என்பதுவரை வந்தபோதே கை உள்ளே போய்விட்டது. 'வேண்டாம்' என்பதைப் படித்தபோது ஒன்று என் பையில் இருந்தது. சும்மா கிடைக்கிறது என்றால் எனக்கு விஷமும் இனிக்கும். வீட்டில் எடுத்துப் பார்த்தால் மாப்பிள்ளை வாங்கிய அதே குட்டி ஜாதி, ஒரு முனை நசுங்கி, தோல் உரிந்திருந்தது. வயருக்குச் சுற்றும் பச்சை டேப்பைச் சுற்றினேன். என்ன செய்யப்போகிறேன் என்று அப்போது தெரியாது. இது நிஜம்.

ஒரு வாரம் கழித்து, ஆறு மாடி அலுவலகம் ஒன்றில் லிஃப்ட் கதவு மூடாமல் நின்றுவிட்டது. மோட்டாரில்தான் கோளாறு என்று நான் சொன்னேன். சொன்னேன் என்றால், ஒரு மணி நேரம் சொன்னேன். தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்பார்களே, நான் பிடித்த முயலுக்குக் காலே இருக்காது. மாப்பிள்ளை குட்டி டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தார். ரெண்டு கையாலும் கதவு ஓடுகிற பள்ளத்தைத் துழாவி, ஒரு கொண்டை ஊசியை எடுத்து நீட்டினார். ரெண்டு நிமிஷம். லிஃப்ட் ஓடியது.

கட்டட மேனேஜர் என் டார்ச்சை வாங்கி எடை பார்த்தார். "பெரியவரே, இதை வெச்சு இனிமே மாவு இடிக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அது பரவாயில்லை. மாப்பிள்ளை சிரிக்கவில்லை. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "மாமா சொல்லித்தான் சார் அங்க பாத்தேன்" என்றார்.

நான் அப்படிச் சொல்லவே இல்லை. எல்லோருக்கும் அது தெரியும். அத்தனை பேர் முன்னால் என் தட்டில் பிச்சை விழுந்தது அய்யா. அதுவும் மரியாதையாக, குனிந்து போட்டார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். மகள் சமையல்கட்டில் இருந்தாள், அவர் குளித்துக்கொண்டிருந்தார். பச்சை டேப் பேட்டரியை அவருடைய சார்ஜரில் செருகினேன். சிவப்பு விளக்கு எரிந்து, ஏற்கமாட்டேன் என்று நின்றது. எடுத்துச் செருகினேன். மறுபடியும் சிவப்பு. மூணாவது தடவை ஏற்றுக்கொண்டது. அந்த டப்பாவுக்கு ரெண்டு தடவை புத்தி இருந்தது. எனக்கு ஒரு தடவைகூட இல்லை. கொஞ்சம் ஏறினதும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். மகள் கொடுத்த காப்பியையும் குடித்தேன். சர்க்கரை குறைச்சல் என்றேன்.

மறுநாள் மத்தியானம் அதே கட்டடம், மேல்மாடி மோட்டார் அறை. சாப்பிட்டு முடித்து மாப்பிள்ளை கை கழுவப் போனார். டார்ச் அவர் பையின்மேல் கிடந்தது. மூடியைத் திருகி, சோடியில் ஒன்றை எடுத்து, பச்சையை உள்ளே விட்டேன். நல்லதை என் சட்டைப்பையில் போட்டேன். இப்போது இந்தத் தாளோடு சேர்த்து வைக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெண்டையும் மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என்னிடம் ஒன்றுதான் இருந்தது.

அவருக்கு ஏதாவது ஆகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. டார்ச்சுக்கு ஆகவேண்டும் என்றுதான் நினைத்தேன். பாதி வேலையில் அது மங்கும், அவர் முழிப்பார், "நகருங்க மாப்பிள்ளை" என்று என் மூணு கட்டையோடு நான் போவேன். மேனேஜரையும் பார்க்கக் கூப்பிட்டிருந்தேன். ஜோலி இருக்கிறது என்று அவர் வரவில்லை.

மாப்பிள்ளை லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று, கதவுப் பூட்டின் ஸ்பிரிங்கை மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு கை ஸ்பிரிங்கை இழுத்துப் பிடித்திருக்க, மறு கை திருப்புளியில். டார்ச் பல்லில். நான் அதற்கு மேல்மாடிக் கதவைத் திறந்துவைத்து, என் டார்ச்சை அடிக்காமல் கையில் பிடித்தபடி, தாலி கட்டப்போகிறவன் மாதிரி தயாராக நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய வெளிச்சம் மங்கியது. எனக்கு மனசு குளிர்ந்தது.

"ம்ம்" என்றார். நான் நகரவில்லை. மறுபடி "ம்ம், ம்ம்" என்று தலையை ஆட்டினார். சுடுகிறது என்று சொல்லியிருக்கிறார். கையை விட்டால் ஸ்பிரிங் தெறிக்கும். டார்ச்சைத் துப்பினால் ஆறு மாடிக் குழியில் விழும். மூணு வாரம் தேடி வாங்கின சாமானைத் துப்ப யாருக்கு மனசு வரும். "மாமா, வெளிச்சம் காட்டுங்க" என்று அவர் வாயால் கேட்கட்டும் என்று நான் காத்திருந்தேன். வாயில் டார்ச்சை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

தோன்றியது. தோன்றவில்லை என்று எழுதிவிட்டேன். அடித்தால் தாள் அசிங்கமாகும், இருக்கட்டும்.

பிறகு நடந்தது நீங்கள் எழுதி வைத்திருப்பதுதான். பட்டென்று ஒரு சத்தம், வெள்ளைப் புகை. முன்பல் ஆறு போயிற்று, மேலுதடு கிழிந்தது, நாக்கில் பாதிக்குமேல் வெந்துவிட்டது. உயிருக்குப் பயமில்லை, பேச்சு வருமா என்று இப்போது சொல்லமுடியாது என்கிறார் டாக்டர். புகைக்குள் அவரைத் தேட என் டார்ச் உதவியது. நன்றாகத்தான் எரிந்தது.

ஆஸ்பத்திரியில் என் மகள் என் தோளில் சாய்ந்து, "நீங்க அன்னைக்கே சொன்னீங்கப்பா, நாங்கதான் கேக்கல" என்று அழுதாள். நான் சொன்னதைச் சரி என்று அவள் ஒத்துக்கொண்டது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. முதுகைத் தடவிக்கொடுத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூணாம் நாள் கடைக்காரர் பழப் பையோடு வந்தார். மகள் வாசலிலேயே மறித்தாள். "எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வந்தீங்க? மனுஷன் வாய்ல வெடிகுண்டை வித்துட்டு?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் பாத்துதான்மா குடுத்தேன்" என்றார். அவ்வளவுதான் வந்தது. நான் நடுவில் புகுந்து, "நீங்க கிளம்புங்க, நான் பேசிக்கிறேன்" என்று பையை வாங்கிக்கொண்டேன். படிக்கட்டில் உட்கார்ந்து ரெண்டு ஆரஞ்சு தின்றேன். நல்ல பழம். பார்த்துத்தான் வாங்கியிருந்தார்.

நேற்று, ஒன்பதாம் நாள், நீங்கள் வெடித்த துண்டுகளின் போட்டோவை மாப்பிள்ளையிடம் காட்டிவிட்டுப் போன பிறகு, மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். மாப்பிள்ளை ஒரு தாளில் எழுதி என்னிடம் நீட்டினார். வேறு யாராவது என்றால் ஒரு பார்வையில் படித்திருப்பார்கள். நான் எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். அவர் பொறுமையாக என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'பச்சை டேப் என்னோடது இல்ல மாமா.'

அதற்குக் கீழே, 'கடைக்காரரை விட்டுடச் சொல்லுங்க.'

அதற்கும் கீழே, 'அவகிட்ட நான் சொல்லமாட்டேன்.'

தாளை மடித்துக் கொடுத்தேன். "தண்ணி வேணுமா மாப்பிள்ளை?" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். மூஞ்சியில் கோபம் இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இல்லை.

முதல் தடவை போட்ட பிச்சையே எனக்கு இன்னும் செரிக்கவில்லை. ரெண்டாவது தடவை கை நீட்டமாட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். மனசாட்சி, அது இது என்று நீங்களாக எதையும் சேர்த்து எழுதிவிடாதீர்கள். பேட்டரியை மாற்றினது நான். அது வெடிக்கும் என்று தெரியும். எங்கே வைத்துக்கொள்வார் என்றும் தெரியும். புகாருக்குப் பயந்து பூட்டி வைத்த கடையைத் திறந்துகொள்ளச் சொல்லுங்கள். மகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் என்னை நம்ப ஆரம்பித்தே பத்து நாள்தான் ஆகிறது, நான் சொன்னால் நம்பமாட்டாள்.

ஆனால் ஒன்று. என் மூணு கட்டையில் துருப்பிடித்த பேட்டரியைப் போட்டால் எரியாது, அவ்வளவுதான். நல்ல சாமான் என்றால் என்னைப் போல ஒருத்தன் கை வைத்தாலும் தாங்கவேண்டாமா? அந்தக் குட்டி டார்ச் சரியில்லை. நான் கடையிலேயே நினைத்தேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். போலீசைக் கூப்பிடுவதானால் கூப்பிடுங்கள், கீழே வாசலில் நிற்கிறேன். படி வழியாகத்தான் இறங்குகிறேன், வர நேரமாகும். உங்கள் ஆபீஸ் லிஃப்ட் வேண்டாம். எவன் என்ன கை வைத்தானோ, இந்தக் காலத்தில் யாரை நம்புவது.